60 நாள் எந்தத் தேதியிலிருந்து? கலிபோர்னியாவில் ஒரு சிறு மனநல மையம் காப்பீட்டு நெட்வொர்க்கில் இணைந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் மனநல சிகிச்சையாளர் ஒருவர் மாநில உரிமம் கையில் கிடைத்ததும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கலாம். ஆனால் நோயாளியின் காப்பீடு அந்தச் சிகிச்சைக்கு நெட்வொர்க் விகிதத்தில் பணம் தர வேண்டுமானால், ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தனித்தனியாக அவருடைய கல்வி, உரிமம், பணி வரலாறு, வழக்குகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, தன் நெட்வொர்க்கில், அதாவது தன்னோடு ஒப்பந்தம் உள்ள சிகிச்சையாளர்களின் பட்டியலில், அவரைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிரெடென்ஷியலிங் எனப்படும் இந்த வேலையைச் சிறு மனநல மையங்களுக்காகச் செய்து கொடுப்பது என் தொழில். இங்கே நான் விவரிப்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு மையத்தின் நிகழ்வு. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காப்பீட்டு நிறுவனங்களைப் பெயர் சொல்லாமல் முதல், இரண்டாவது, மூன்றாவது நிறுவனம் என்றே குறிப்பிடுகிறேன்.

தாமதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சரிபார்ப்பு மெதுவாக நடக்கிறது என்கிறார்கள். இந்த நிகழ்வில் சரிபார்ப்பு மெதுவாக நடக்கவில்லை. காலம் கழிந்தது சரிபார்ப்பு தொடங்குவதற்கு முன்பும், அது முடிந்த பின்பும்தான். சரிபார்ப்பை முடிக்கக் கலிபோர்னியச் சட்டம் நிறுவனங்களுக்குத் தரும் 60 நாள், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியை மட்டுமே அளக்கிறது.

மையமும் அதன் தேவையும்

மையத்தின் உரிமையாளர் ஒரு மருத்துவ உளவியலாளர். பல ஆண்டுகளாக மூன்று தனியார் காப்பீட்டு நெட்வொர்க்குகளிலும், முதன்மையாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலும் இருப்பவர். காத்திருப்போர் பட்டியல் நீண்டதால் இருவரை வேலைக்குச் சேர்த்தார். ஒருவர் எல்.சி.எஸ்.டபிள்யூ. எனப்படும் மருத்துவச் சமூகப் பணியாளர். அதற்கு முன் ஒரு மருத்துவமனையில் பணியாற்றியவர். மற்றவர் எல்.எம்.எஃப்.டி. எனப்படும் திருமண, குடும்ப நல சிகிச்சையாளர். தமிழும் ஆங்கிலமும் பேசுகிறவர். அந்த வட்டாரத்தில் கணினித் துறைக் குடும்பங்கள் ஏராளம். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் வயதான பெற்றோர், மன உளைச்சலைத் தாய்மொழியில் மட்டுமே சொல்லக்கூடியவர்களாக இருப்பதும் அங்கே வழக்கமான ஒன்று என்பதால், உரிமையாளர் இவரைத் தேடிப் பிடித்தே சேர்த்தார்.

இருவரும் கலிபோர்னியாவின் நடத்தை அறிவியல் வாரியத்திடம் முழு உரிமம் பெற்றவர்கள். அதற்காக ஒவ்வொருவரும் மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரப் பணியை முடித்திருந்தார்கள். தகுதியில் ஐயமே இல்லாத இருவர், காத்திருக்கும் நோயாளிகள், முன்பே ஒப்பந்தம் உள்ள ஒரு மையம் என எல்லாமே சாதகமாக இருந்ததால்தான் இந்த நிகழ்வு எழுதத் தக்கதாகிறது. இவ்வளவு இருந்தும் காலம் எங்கே போனது என்பதைப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் 'முழுமை' பெறும் வரை

தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை சி.ஏ.க்யூ.எச். என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்தே சிகிச்சையாளரின் விவரங்களை எடுத்துக்கொள்கின்றன. சிகிச்சையாளருக்கு இது கட்டணமில்லாத சேவை. ஒருமுறை நிரப்பினால் எல்லா நிறுவனங்களுக்கும் போதும் என்பது இதன் நோக்கம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 120 நாளுக்கு ஒருமுறை 'விவரங்கள் சரியே' என்று மறு உறுதி செய்ய வேண்டும்; எந்தெந்த நிறுவனம் பார்க்கலாம் என்று அனுமதியும் தர வேண்டும். உறுதி காலாவதியானாலோ அனுமதி தராமல் விட்டாலோ, நிறுவனத்தின் கண்ணில் அந்த விண்ணப்பம் முழுமையடையாத ஒன்றாகவே நிற்கும்.

சமூகப் பணியாளரின் கோப்பில் சிக்கல் என்.பி.ஐ. எண்ணில் இருந்தது. பத்து இலக்கம் கொண்ட இந்தத் தேசிய அடையாள எண்ணை அவர் பயிற்சிக் காலத்திலேயே வாங்கியிருந்தார். அதில் பதிவான துறைக் குறியீடு பொதுவான சமூகப் பணியாளருக்கு உரிய 104100000எக்ஸ். உரிமம் பெற்ற மருத்துவச் சமூகப் பணியாளருக்கு உரியது 1041சி0700எக்ஸ். முகவரியும் பழைய மருத்துவமனையின் முகவரியாகவே இருந்தது. விவரம் மாறினால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது விதி என்றாலும், மருத்துவமனையில் வேலை செய்யும்வரை, சிகிச்சைக்குக் காப்பீட்டிடம் பணம் கேட்கும் கோரிக்கைகளையெல்லாம் மருத்துவமனையே அனுப்பிக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. சிறு மையத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். என்.பி.ஐ. பதிவு, சி.ஏ.க்யூ.எச்., மையத்தின் வரிப் படிவமான டபிள்யூ-9, தொழில் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று ஆகிய நான்கிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கட்டடத்தின் அறை எண் ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்டாலும் போதும், கோப்பு ஒதுக்கி வைக்கப்படலாம்.

குடும்ப நல சிகிச்சையாளரின் கோப்பில் இருந்தது வேறு வகைச் சிக்கல். அவர் தம் தாயைக் கவனித்துக்கொள்வதற்காக ஓராண்டுக்கும் மேலாக வேலையில் இல்லை. தர நிர்ணய அமைப்பான என்.சி.க்யூ.ஏ. வகுத்த நெறியின்படி கடந்த ஐந்தாண்டுப் பணி வரலாறு தேவை. அதில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்கு விளக்கம் கேட்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் இருந்தால் அந்த விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். சி.ஏ.க்யூ.எச். படிவத்தில் அவர் 'குடும்பக் காரணம்' என்று எழுதியிருந்தார். அதை இரண்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன; ஒன்று ஏற்கவில்லை, ஆனால் ஏற்கவில்லை என்று சொல்லவும் இல்லை. மாதமும் ஆண்டும் குறிப்பிட்டு, கையெழுத்திட்ட இரண்டு வரிக் கடிதம் ஒன்றைத் தொடக்கத்திலேயே இணைத்திருந்தால் அந்த வாரங்கள் மிஞ்சியிருக்கும். தாயைப் பார்த்துக்கொண்ட ஒருவர் அதற்காகச் சங்கடப்பட்டுச் சுருக்கமாக எழுதுவது இயல்புதான். கோப்பைப் பரிசீலிப்பவர் எதிர்பார்ப்பது காரணத்தின் நயத்தையல்ல, தேதிகளை மட்டுமே என்று அவரிடம் சொன்ன பிறகு தயக்கம் நீங்கியது.

இந்த இரண்டும் எளிதில் திருத்தக் கூடியவை. கடினமானது இரண்டாவது நிறுவனத்தின் மௌனம். அழைக்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

இங்கேதான் மாநிலச் சட்டம் உதவியது. 2022இல் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதலான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும் ஏ.பி. 2581 என்ற கலிபோர்னியச் சட்டம், மனநலம் மற்றும் போதைப் பழக்கச் சிகிச்சை அளிப்பவர்களின் முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும் என்கிறது. பலரும் அறிந்திருப்பது இந்தப் பகுதியை மட்டுமே. விண்ணப்பம் வந்து சேர்ந்ததா, முழுமையாக உள்ளதா என்பதை ஏழு வேலை நாளுக்குள் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற மற்றொரு பகுதியும் அதில் உண்டு. என் அனுபவத்தில் 60 நாளைவிட இந்த ஏழு நாளே வலிமையான கருவி. ஏனென்றால் 'முழுமை' என்று நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை, 60 நாள் தொடங்கியதா இல்லையா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

இந்தச் சட்டப் பகுதியை மேற்கோள் காட்டி, விண்ணப்பத்தின் முழுமை நிலையை மட்டும் கேட்டு இரண்டாவது நிறுவனத்துக்கு எழுதினோம். கோபமோ புகாரோ இல்லாத கடிதம் அது. பதில் விரைவாக வந்தது: சிகிச்சையாளர்களை மையத்தின் வரி எண்ணோடு இணைக்கும் படிவம் கோப்பில் இல்லை. அந்தப் படிவம் தேவை என்று அவர்களுடைய விண்ணப்ப வழிகாட்டியில் எங்கும் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. படிவம் அன்றே அனுப்பப்பட்டது. 'முழுமை' என்ற சொல்லோடும் தேதியோடும் மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு சரிபார்ப்பு 60 நாளுக்கு வெகு முன்பே முடிந்தது. உரிமத்தை வாரியத்திடமும், வழக்கு மற்றும் தண்டனை விவரங்களைத் தேசியச் சிகிச்சையாளர் தரவு வங்கியிலும், அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களைக் காட்டும் மத்திய அரசின் விலக்குப் பட்டியலிலும் பார்ப்பதுதான் இந்தச் சரிபார்ப்பு. இவற்றில் பெரும்பகுதி இன்று கணினி வழியே நடக்கிறது. களங்கமில்லாத கோப்புக்கு அது நீண்ட வேலையே அல்ல.

மூடிய பேனல்

மூன்றாவது நிறுவனம், அந்தப் பகுதியில் போதுமான சிகிச்சையாளர்கள் இருப்பதாகவும் பேனல் எனப்படும் நெட்வொர்க் பட்டியல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டதாகவும் இருவருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்பியது. தகுதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

'போதுமானவர்கள்' என்ற கணக்கு எதிலிருந்து வருகிறது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அது நிறுவனத்தின் சொந்தப் பட்டியலிலிருந்து வருகிறது. அந்தப் பட்டியல்களின் நிலை நாடறிந்தது. 2023 மே மாதம் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு, ஆறு மாநிலங்களில், தனியார் நிறுவனங்கள் நடத்தும் 12 மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் மனநலப் பட்டியல்களை வைத்துத் தொலைபேசி ஆய்வு நடத்தியபோது, நேரம் பெற முடிந்தது 18 விழுக்காட்டு அழைப்புகளில் மட்டுமே. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெடிஷியா ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கையில், 13 திட்டங்களின் பட்டியல்களில் அழைத்துப் பார்க்கப்பட்ட ஏறத்தாழ 400 பேரில் 86 விழுக்காட்டினர் நெட்வொர்க்கில் இல்லாதவர்கள், எட்ட முடியாதவர்கள் அல்லது புதியவர்களை ஏற்காதவர்கள். பேய் நெட்வொர்க் என்று அங்கே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பட்டியலில் இருப்பவர்களை அழைத்தால் ஆள் கிடைப்பதில்லை. மறுபக்கம் ஆள் வந்து கதவைத் தட்டினால் பட்டியல் நிறைந்துவிட்டது என்கிறார்கள். இந்த முரண் எனக்கு இன்றும் வேதனை தருகிறது. காரணம், இதன் விலையைத் தருவது உதவி கேட்கவே பல மாதம் தயங்கி, ஒருநாள் துணிந்து தொலைபேசியை எடுத்த ஒரு மனிதர்.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் நாடு தழுவிய புள்ளிவிவரங்களை நாங்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. மையத்தைச் சுற்றியுள்ள அஞ்சல் எண் பகுதிகளில் தமிழ் பேசுவதாக அந்த நிறுவனத்தின் பட்டியல் காட்டியவர்களை மையப் பணியாளர் அழைத்துப் பார்த்து, யார் எடுத்தார்கள், யார் புதிய நோயாளியை ஏற்றார்கள் என்று எழுதி இணைத்தார். கலிபோர்னியாவில் மருத்துவரல்லாத மனநலச் சிகிச்சையாளருடனான அவசரமில்லாத சந்திப்பு பத்து வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும் என்ற விதியையும், 2022 ஜூலை முதல் எஸ்.பி. 221 சட்டத்தின்படி தொடர் சந்திப்புகளுக்கும் அதே வரம்பு உள்ளதையும் சுட்டிக்காட்டினோம். நெட்வொர்க்கில் சேர்ப்பதற்கான அளவுகோல்கள், 2008ஆம் ஆண்டின் மத்திய மனநலச் சமத்துவச் சட்டத்தின் பார்வைக்குள் வருபவை; உடல்நலத் துறைக்கு இல்லாத கடுமையை மனநலத் துறைக்கு மட்டும் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டோம். அதற்கு மேல் வழக்குரைஞர் தொனிக்குப் போகவில்லை.

குடும்ப நல சிகிச்சையாளரை ஏற்றுக்கொண்டார்கள். சமூகப் பணியாளரை ஏற்கவில்லை. மொழி என்ற ஒன்றைத் தவிர இருவருக்கும் இடையே நிறுவனம் பொருட்படுத்திய வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேனல் மூடியிருக்கும்போது பொதுவான சிறப்பை விவரிப்பதைவிட, பட்டியலில் இல்லாத குறிப்பிட்ட ஒன்றைக் காட்டுவதே பயன் தரும்: ஒரு மொழி, குழந்தைப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, உணவுப் பழக்கக் கோளாறு, மாலை நேரச் சந்திப்பு.

மூன்று தேதிகள்

இந்த நிகழ்வில் மிகுந்த சேதம் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே ஏற்பட்டது.

முதல் நிறுவனத்தின் குழு கூடிச் சமூகப் பணியாளரின் தகுதியை ஏற்றதாகக் கடிதம் வந்தது. மையம் அவருக்குச் சந்திப்புகளைக் குறித்தது. ஒவ்வொரு சந்திப்புக்கும் நோயாளி தர வேண்டிய பங்கான கோ-பே தொகையை மட்டும் அவர்களிடம் வாங்கியது. பல வாரங்கள் கழித்துக் கோரிக்கைகள் நெட்வொர்க்குக்கு வெளியே என்ற கணக்கில் தீர்க்கப்பட்டு வந்தன. காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி தாமே செலவிட வேண்டிய டிடக்டிபிள் தொகை நிரம்பாதவர்களுக்கு முழுக் கட்டணமும் அவர்கள் பொறுப்பு என்ற விளக்கச் சீட்டு அஞ்சலில் போய்ச் சேர்ந்தது. பதற்றக் கோளாறுக்காக வந்துகொண்டிருந்த ஒருவர் அந்தச் சீட்டைக் கண்டதும் அடுத்த சந்திப்பை ரத்து செய்தார்.

நடந்தது இதுதான். தகுதி ஏற்கப்பட்ட தேதி ஒன்று. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் தேதி மற்றொன்று. அந்த ஒப்பந்தம் கோரிக்கைகளைத் தீர்க்கும் கணினியில் ஏறும் தேதி இன்னொன்று. சந்திப்புகளில் சில முதல் இரண்டு தேதிகளுக்கு இடையே நடந்தவை. அவற்றை நிறுவனம் திருத்த மறுத்தது. மற்றவை ஒப்பந்தத் தேதிக்குப் பின் நடந்தவை. ஆனால் கணினியில் சமூகப் பணியாளர் மையத்தின் வரி எண்ணுக்குக் கீழே ஏற்றப்படாமல், பழைய மருத்துவமனையின் எண்ணுக்குக் கீழேயே இருந்தார். அவற்றை மறுபடி பரிசீலித்து நெட்வொர்க் விகிதத்தில் தீர்க்க வைக்க முடிந்தது. முதல் வகையில் நோயாளிகளிடம் கேட்கப்பட்டிருந்த தொகையை வசூலிப்பதில்லை என்று உரிமையாளர் முடிவு செய்தார். மையமே தவறான நம்பிக்கையைத் தந்திருந்ததால் அதுவே நியாயம் என்பது அவர் கருத்து. சந்திப்பை ரத்து செய்தவரை அவரே அழைத்துப் பேசினார்.

ஏ.பி. 2581 இங்கே கைகொடுக்காது. 60 நாள் வரம்பு சரிபார்ப்புக்கு மட்டுமே. ஒப்பந்தத்தை முடிப்பது அதில் அடங்காது என்று சட்டமே சொல்கிறது. எனவே நான் மையங்களிடம் வற்புறுத்துவது, ஒப்புதல் கடிதத்தை வைத்துச் சந்திப்பைக் குறிக்காதீர்கள் என்பதே. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நடைமுறைத் தேதியைப் பாருங்கள். பிறகு அழைத்து, இந்த என்.பி.ஐ., இந்த வரி எண், இந்த முகவரி மூன்றையும் சேர்த்துச் சொல்லி, நெட்வொர்க்கில் உள்ளவராகக் கணினி காட்டுகிறதா என்று கேட்டு, அழைப்பின் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

இதே இருவருக்கும் மெடிகேரில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவச் சமூகப் பணியாளர்களை மெடிகேர் நீண்ட காலமாகவே ஏற்கிறது. குடும்ப நல சிகிச்சையாளர்களும் மனநல ஆலோசகர்களும் 2023ஆம் ஆண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தால் 2024 ஜனவரி 1 முதல்தான் அதில் கோரிக்கை அனுப்ப முடிகிறது. பீகாஸ் என்ற இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறைத் தேதி, பின்னர் ஏற்கப்படும் விண்ணப்பம் பெறப்பட்ட நாளும் அந்த இடத்தில் பணி தொடங்கிய நாளும் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அது; அதற்கு முந்தைய 30 நாள் வரையிலான சிகிச்சைக்கும் கோரிக்கை அனுப்ப விதி இடமளிக்கிறது. கட்டணம் குறைவுதான்: மருத்துவ உளவியலாளருக்கு உரியதில் 75 விழுக்காடு. ஆனால் பரிசீலனை எவ்வளவு நீண்டாலும், அந்தத் தாமதத்தின் சுமை நோயாளியின் தலையில் விழுவதில்லை. தனியார் நிறுவனங்களும் விண்ணப்பம் முழுமை பெற்ற நாளையே நடைமுறைத் தேதியாக ஏற்றால், இந்த நிகழ்வில் நான் விவரித்த துன்பத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது. அப்படி ஒரு விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காத்திருக்கும் காலத்தில்

காத்திருக்கும் மாதங்களில் மையத்துக்கு ஓர் ஆலோசனை வெளியிலிருந்து வந்தது: புதியவர்கள் நடத்தும் சந்திப்புகளை, நெட்வொர்க்கில் ஏற்கெனவே உள்ள உரிமையாளரின் பெயரில் அனுப்பிவிடலாம். இது பல இடங்களில் நடக்கிறது என்பதாலேயே சொல்கிறேன், சிகிச்சை அளித்தவர் என்ற கட்டத்தில் அளிக்காதவரின் பெயரை எழுதுவது பொய்க் கோரிக்கை. மேற்பார்வையின் கீழ் நடக்கும் சேவைக்கு மெடிகேரிலும் சில தனியார் ஒப்பந்தங்களிலும் தனி விதிகள் உண்டு. அவை எழுத்தில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டவை, காத்திருப்பைக் கடக்க உதவும் குறுக்கு வழி அல்ல. உரிமையாளர் மறுத்தார்.

சிகிச்சையாளர்களைத் தம் வழியாகக் காப்பீட்டு நெட்வொர்க்குகளில் சேர்க்கும் ஹெட்வே, ஆல்மா போன்ற தளங்களின் வழியே சேர்ந்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும் என்ற யோசனையும் எழுந்தது. தனியாகத் தொழில் தொடங்கும் ஒருவருக்கு அது நல்ல வழியாகவே இருக்கலாம். ஆனால் அங்கே நெட்வொர்க் உறவு தளத்தின் வழியே வருவது. தளத்தை விட்டு விலகினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க நேரும். சொந்த ஒப்பந்தங்கள் உள்ள மையத்துக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள்.

பயன்பட்டது மூன்றாவது வழி. 2021 முதல் நடைமுறையில் உள்ள எஸ்.பி. 855 சட்டத்தின்படி, உரிய காலத்துக்குள் நெட்வொர்க்கில் மனநலச் சிகிச்சை கிடைக்காவிட்டால், நிறுவனம் வெளியே ஏற்பாடு செய்து, நெட்வொர்க்கில் செலுத்தும் பங்கை மட்டுமே நோயாளியிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் நோயாளி. என்ன சொல்ல வேண்டும் என்று மையம் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுத்தது. நிறுவனத்திடம் முறையிட்டு 30 நாளில் தீர்வு இல்லையென்றால், மாநில நிர்வகிக்கப்பட்ட மருத்துவத் துறையான டி.எம்.எச்.சி.யிடம் போகலாம் என்பதும் அதில் இருந்தது. முதலாளிகளே செலவை ஏற்கும், மத்திய எரிசா சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களுக்கு இது பொருந்தாது. தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களில் பலர் அத்தகைய திட்டங்களில் இருப்பதால், முதலில் காப்பீட்டு அட்டையைப் பார்த்து நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்கச் சொன்னோம். சிலருக்கு ஒற்றை நோயாளி ஒப்பந்தம், அதாவது அந்த ஒரு நோயாளிக்காக மட்டும் நிறுவனம் சிகிச்சையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், கிடைத்தது.

மூன்றாவது நிறுவனத்தின் உறுப்பினர்களைச் சமூகப் பணியாளர் இன்றும் இந்த ஒற்றை ஒப்பந்தங்கள் வழியாகவே பார்க்கிறார். ஒவ்வொரு ஒப்பந்தமும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சந்திப்புகளுக்கு மட்டுமே. முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒப்பந்தங்களின் நகல்களையே சான்றாக வைத்து, இந்தப் பகுதியில் தேவை உள்ளது என்று காட்டி அவருடைய விண்ணப்பத்தை மறுபடி அனுப்பியிருக்கிறோம். விண்ணப்பம் கிடைத்தது, முழுமையாக உள்ளது என்ற பதில் தேதியோடு வந்து சேர்ந்திருக்கிறது.